வெர்னின் காணாமல் போன என்ஜின்

எங்கள் வரவேற்பறையில் ஒரு மேசை இருந்தது. மேலே தடித்த கண்ணாடி, கீழே காலுக்குப் பதிலாக ஒரு கார் என்ஜினின் வெற்று இரும்புக் கூடு. பிஸ்டன், குழாய், கம்பி எல்லாவற்றையும் உருவி எடுத்தபின் எட்டு ஓட்டையோடு மிஞ்சுகிற கட்டி. டெட்ராய்ட் பக்கத்து ஆம்பளைகளுக்கு இது அலங்காரம். கல்யாணமான இரண்டாம் வருஷம் என் கணவன் கஸ் அதைத் தூக்கிவந்து நடுவீட்டில் வைத்தான். அன்றிலிருந்து என் முட்டிக்குக் கீழே கன்றிப்போகாத மாதம் கிடையாது.

கஸ் சொந்தப் பட்டறை வைத்திருந்த என்ஜின் மெக்கானிக். வீட்டுக்கு ஒரு துடைப்பம் வாங்குவதென்றால்கூட ஒரு வாரம் யோசிப்பான். ஆனால் அந்த மேசைக்கு நான் எத்தனை முறை பெயின்ட் வாங்கினாலும் வாய் திறக்கமாட்டான். கறுப்பாக வந்தது. பச்சை சோபா வாங்கியபோது பச்சை அடித்தேன். சோபா போய் புதுக் கம்பளம் வந்தபோது வெண்ணெய் நிறம். ஒரு கிறிஸ்துமஸுக்குப் பொன்னிறம்கூட. "அடி ஆர்லீன், நல்லா ரெண்டு கோட்டா அடி" என்பான். என் ரசனையின்மேல் அவனுக்கு அவ்வளவு மதிப்பு என்று பூரித்துப்போயிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த மேசையில் எங்களைவிட அதிகம் காப்பி குடித்தவன் வெர்ன் சோப்சாக். வெர்ன், அவன் மனைவி டெல்ஃபின், கஸ், நான் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம். அதனால் எங்களுக்குள் மரியாதை என்பதெல்லாம் கிடையாது. வெர்னிடம் கரும்பச்சை நிறத்தில் 69ஆம் வருஷத்து பான்டியாக் ஜி.டி.ஓ. ஒன்று இருக்கிறது. நடுத்தரமான காருக்குள் முரட்டு என்ஜினை அடைத்து இளவட்டங்களுக்கு விற்ற காலத்து வண்டி. ஸ்டார்ட் பண்ணினால் அடுத்த தெரு ஜன்னல் அதிரும். அதை வைத்துக்கொண்டு உட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டவன் அவன். ஓட்டுவது வெர்ன், கழற்றி மாட்டுவது கஸ். எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட இன்னொரு கல்யாணம். ஓட்டுகிறவன் பானெட்டுக்குள் கைவிடமாட்டான், கழற்றுகிறவன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். ஒருவன் வேலையை இன்னொருவன் சந்தேகப்பட்டால் அன்றோடு உறவு முடிந்தது.

அந்த வண்டிக்கு ஒரே ஒரு குறை. தொழிற்சாலையில் காருக்கும் என்ஜினுக்கும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். இரண்டும் சேர்ந்தே இருந்தால்தான் வண்டி முழுசு. இல்லாவிட்டால் என்னதான் மினுக்கினாலும் அது பொய்ப்பல் கட்டிய வாய்தான். வெர்ன் தன் இருபத்தைந்தாம் வயதில், என்ஜினுக்குள் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று வண்டியைக் கஸ்ஸிடம் விட்டான். கஸ் பிரித்துப் பார்த்து, விரிசல் விட்டுவிட்டது, இனி தேறாது என்று சொல்லிவிட்டான். மோதி நொறுங்கிய இன்னொரு ஜி.டி.ஓ.விலிருந்து எடுத்தது என்று அதே அளவில் வேறு என்ஜினை மாட்டிக் கொடுத்தான். பழையது காயலான் கடைக்குப் போனதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகு வெர்ன் தோற்றான், தோற்றான், தோற்றுக்கொண்டே இருந்தான். நேற்றுவரை அவன் புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டிவிட்டுப் போனார்கள். "வண்டி அதே வண்டிதான். என் கைதான் போயிருச்சு" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். கடைசியாக ஒரே ஒரு முறை, ஊருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில், லைல் டாக்கெட் என்கிற வாயாடியை ஜெயித்தான். அதைக்கூட வண்டி போட்ட பிச்சை என்றுதான் சொல்வான். அந்த மானத்தோடு ஒதுங்கிக்கொள்கிறேன் என்று பந்தயத்தை விட்டுவிட்டு நகரப் பேருந்து ஓட்டப் போனான். ஓய்வு பெறும்வரை பேருந்துதான்.

ஆனால் அந்தப் பழைய என்ஜினைத் தேடுவதை மட்டும் விடவில்லை. விரிசலானால் என்ன, பற்றவைத்துக்கொள்ளலாம், என் வண்டியோடு பிறந்தது என்பான். ஒஹையோ, இந்தியானா என்று உதிரிபாகச் சந்தை ஒன்றுவிடாமல் சேற்றில் சுற்றினான். கூடவே குடை பிடித்துக்கொண்டு டெல்ஃபின். வண்டியின் முன்கண்ணாடியில் எப்போதும் ஓர் அட்டை: இந்த எண் பொறித்த என்ஜினைப் பார்த்தவர்கள் சொல்லவும். அதுவும் போதாதென்று எண்ணை முன்கையில் பச்சை குத்திக்கொண்டான். கடைசி நான்கு இலக்கம் 6482. எனக்கு என் பிள்ளைகளின் பிறந்தநாள் மறந்தாலும் அது மறக்காது.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை அது. வருஷாவருஷம் அன்று ஊரே உட்வர்டில் இருக்கும். பழைய கார்களெல்லாம் வரிசை கட்டி மேலும் கீழும் போகும். விடியும்போதே எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் கிணுகிணுக்கத் தொடங்கிவிடும். கஸ் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்தில் இடம் பிடிக்கப் போயிருந்தான். அடுத்த வாரம் அவனுக்குப் பிறந்தநாள். மேசையின் பெயின்டையெல்லாம் சுரண்டி, இரும்பைப் பளபளவென்று ஆக்கி அவனை அசத்த வேண்டும் என்பது என் திட்டம். மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டுபேரைப் பிடித்து, இரும்பைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கேரேஜ் வாசலில் இறக்கிவைத்துக்கொண்டேன்.

பெயின்ட் உரிக்கும் மருந்தைத் தடவியதும் பெயின்ட் கொப்பளித்தது. பொன்னிறம் போய் வெண்ணெய், வெண்ணெய் போய் பச்சை. என் குடித்தன வரலாறே உரிந்து விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் ஜி.டி.ஓ. உறுமிக்கொண்டு வந்து வாசலில் நின்றது.

"என்ன, கடைசியில இந்தச் சனியனை வெளிய தள்ளிட்டியா?" என்று இறங்கினான் வெர்ன்.

"வாயை மூடு. கஸ்ஸுக்குச் சர்ப்ரைஸ். நீ உளறிடாத."

"நான் எங்க உளறப் போறேன். காப்பி இருக்கா?"

"காப்பி வைக்க மேசைதான் இல்லை" என்றேன்.

சிரித்துக்கொண்டே வந்தவன், வழக்கம்போல அதன்மேல் கை ஊன்றப் போனான். மருந்து பட்டுவிடும் என்று நான் தடுத்தேன். அவன் குனிந்தபடியே நின்றுவிட்டான். அந்த இரும்பில் எப்போதும் சுவரைப் பார்த்து இருக்கும் பக்கம், அன்று வெளியே பார்த்திருந்தது. கறுப்பு பெயின்ட் நெகிழ்ந்து வழிந்த இடத்தில் ஏதோ எழுத்துகள் தெரிந்தன.

"ஆர்லீன். கொஞ்சம் தள்ளு."

துணியைப் பிடுங்கித் துடைத்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை அந்த இரும்புக்குப் பக்கத்தில் வைத்தான். "படி" என்றான்.

படித்தேன். இரும்பில் இருந்ததும் தோலில் இருந்ததும் ஒன்றாக இருந்தன.

"கண்ணாடி போடாம படிக்கிறேன் வெர்ன். தப்பா இருக்கும்."

"போட்டுக்கிட்டுப் படி."

போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தேன். கடைசியில் 6482. வெள்ளிக்கிழமைதோறும் நான் துடைத்த மேசை. இவன் காலை நீட்டி, பிஸ்கட் தூள் சிந்தி, "எங்க போச்சோ தெரியலையே" என்று புலம்பிய அதே மேசை. தேடிக்கொண்டிருந்ததின் மேலேயே கோப்பையை வைத்துவிட்டுத் தேடியிருக்கிறான்.

வெர்ன் தரையில் உட்கார்ந்தான். எழுபது வயதைத் தாண்டியவன் அப்படிப் பொத்தென்று உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது. விரலால் இரும்பைச் சுற்றிச் சுற்றித் தடவினான். விரிசலைத் தேடுகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"விரிசலே இல்ல" என்றான். "ஆர்லீன், இதுல விரிசலே இல்ல."

கஸ் நாற்காலி போட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டு வந்தான். எங்களைப் பார்த்ததும் விசில் நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன், அதுவும் என் சொந்தக் கணவனின் முகத்தில்.

"திருடிட்டியாடா?" என்று கேட்டான் வெர்ன். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"இல்லடா."

"அப்புறம் இது என்ன?"

கஸ் என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்று நான் கத்தினேன். "நாற்பது வருஷத்துக்கு மேல என்னையும் சேர்த்து முட்டாளாக்கியிருக்கியே. சொல்லித் தொலை."

அதற்குள் டெல்ஃபின் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் கிடந்த இரும்பைப் பார்த்தாள். "ஐயோ கஸ், அதை ஏன் வெளிய எடுத்த?" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

வெர்ன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா டெல்?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

பாத்திரத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள். என்ஜின் மாற்றிய அந்த வருஷம் கோடையில் உட்வர்டில் வெர்னோடு சமமாக ஓட்டிவந்த ராய் என்கிற பையன் விளக்குக் கம்பத்தில் மோதிச் செத்துப்போனான். அடக்கம் முடிந்த மறுநாளே வெர்ன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். டெல்ஃபினுக்கு அப்போது ஆறு மாசம். "அடுத்த கம்பம் உன்னோடதுன்னு தோணுச்சு. சொன்னா நீ கேக்கற ஆளா? அன்னிக்கு வண்டி இவன் பட்டறையில பிரிச்சுக் கிடந்தது. போய் இவன் கால்ல விழுந்தேன். வண்டியைக் கொல்ல வேணாம், மெதுவாக்கிடுன்னேன்."

"அப்ப இப்ப வண்டிக்குள்ள இருக்கறது என்ன?" வெர்ன் கஸ்ஸைக் கேட்டான். "மோதின ஜி.டி.ஓ.லேருந்து எடுத்ததுன்னியே."

"அளவு அதேதான்டா" என்றான் கஸ். குரல் தரையில் கிடந்தது. "ஆனா சும்மா குடும்ப வண்டி என்ஜின். நம்ம சர்ச்சு ஃபாதர் ஸ்டான் நீளமா ஒரு ஸ்டேஷன் வேகன் வெச்சிருந்தார்ல."

"எது? பழுப்பா, சவப்பெட்டி மாதிரி ஒண்ணு?"

"அதுதான்."

"பாதிரியார் காய்கறி வாங்கப் போன என்ஜினை வெச்சா நான் ரேஸ் ஓட்டினேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த நொடியே அழுகையும் வந்தது.

"இதைத் தூக்கிப் போட மனசு வரலடா" என்றான் கஸ். "நல்ல இரும்பு. பட்டறையில வெச்சா எவனாவது நம்பரைப் பாப்பான். வீட்டுக்குள்ள மேசைன்னு வெச்சுட்டா எவன் குனிஞ்சு பாப்பான்? இவ வேற பெயின்ட்டா அடிச்சுத் தள்ளினா."

"உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்" என்றேன்.

வெர்ன் எழுந்தான். கஸ்ஸைத் தாண்டி டெல்ஃபின் முன்னால் போய் நின்றான். "ஒஹையோவுல மழையில மூணு மணி நேரம் எனக்குக் குடை பிடிச்சியே. இருக்கற எடம் தெரிஞ்சுக்கிட்டே பிடிச்சியா?"

"ஆமா. நீ தேடிக்கிட்டு இருந்தவரைக்கும் ரேஸ் ஓட்டலையே."

"நான் கை போச்சுன்னு அழுதேன் டெல். உன் மடியில படுத்து அழுதேன்."

"உயிரோட படுத்து அழுத" என்றாள் அவள். "மறுபடியும் அதே நெலமை வந்தா மறுபடியும் அதைத்தான் செய்வேன்."

அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்தான். என்ஜின் உறுமியது. இத்தனை வருஷமாக நாங்கள் எல்லோரும் சிலிர்த்துப்போய்க் கேட்ட உறுமல், பாதிரியாரின் காய்கறி வண்டியுடையது. இவன் இப்போது போனால் திரும்ப மாட்டான் என்று எனக்குப் பட்டது. அவனுக்கு இரண்டு கல்யாணம், ஒன்று டெல்ஃபினோடு, இன்னொன்று கஸ்ஸோடு. இரண்டும் என் வீட்டு வாசலில் ஒரே காலையில் உடைந்துகொண்டிருந்தன. சுரண்டி வைத்தவள் நான்.

வண்டி நகரவில்லை. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"டேய் கஸ். லைல் டாக்கெட்டை ஜெயிச்சேனே, அன்னிக்கு எது இருந்தது உள்ள?"

கஸ் சட்டென்று நிமிர்ந்தான். "இதேதான்டா. வேகன் என்ஜின்."

"அவனோடது எவ்வளவு பெரிய என்ஜின்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியாமயா? அன்னிக்கு நீ ஜெயிச்சதும் நான் வாந்தி எடுத்தேன். என்னால நம்பவே முடியல. பச்சை விளக்கு எரிஞ்சப்ப நீ கிளம்பிட்ட, அவன் அதுக்கப்புறம்தான் கிளம்பினான். டயரைத் தேச்சுப் புகைதான் விட்டான். கடைசிவரைக்கும் அந்த வித்தியாசத்தை அவனால எட்டிப் பிடிக்க முடியல. அது வண்டி இல்லடா. அவனை ஜெயிக்கற அளவுக்கு அந்த வண்டியில ஒண்ணுமே இல்ல."

வெர்ன் சாவியைத் திருப்பி அணைத்தான். உட்வர்ட் பக்கமிருந்து மற்ற வண்டிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ வேறு ஆளுடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அப்ப என் கை போகவே இல்லையா" என்றான்.

அதைக் கேட்டதும்தான் டெல்ஃபின் உடைந்தாள். அதுவரை கல்லாக நின்றவள். "நானும் அன்னிக்கு அங்கதான் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். "இந்த வண்டியால ஓட முடியாதுன்னு நிம்மதியா பாப்கார்ன் தின்னுக்கிட்டு. நீ ஜெயிச்சப்ப அவன் வண்டியில ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். வண்டியோட பல்லைத்தான் பிடுங்கினேன்னு இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன் வெர்ன். உன்னோடதைத்தான் பிடுங்கியிருக்கேன்."

அழுதாள். தேம்பித் தேம்பி, பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளைத் தொடவும் எனக்குப் பயமாக இருந்தது. கஸ் மட்டும் அசட்டுத்தனமாக வாயைத் திறந்தான். "வேணும்னா ஒரு மாசத்துல இந்தப் பழசை மாட்டிக் கொடுத்துடறேன்டா."

"எனக்கு எதுக்கு அது" என்றான் வெர்ன்.

இறங்கிவந்து முன்கண்ணாடியிலிருந்த அட்டையைக் கிழித்து கஸ் கையில் திணித்தான். அடுத்த பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறு."

"எங்க?" என்றாள் டெல்ஃபின்.

"ஏறுன்னா ஏறு."

சாலட் பாத்திரத்தோடேயே ஏறினாள். நானும் கஸ்ஸும் எங்கள் தெரு உட்வர்டைத் தொடும் மூலைவரை ஓடினோம். நடந்ததையெல்லாம் பார்த்தபின் எங்களால் சும்மா நிற்க முடியவில்லை. உட்வர்டில் சிவப்பு விளக்கு. முதல் வரிசையில் ஜி.டி.ஓ. பக்கத்தில் ஒரு இளைஞன், பளபளக்கும் புதுக் கார். கிழவனையும் கிழவியையும் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இரண்டு முறை உறுமவிட்டான். இப்படி உறுமிக்காட்டிப் போட்டி போட்டுத்தான் ராய் செத்தான் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெர்ன் திரும்பவில்லை, பதிலுக்கு உறுமவும் இல்லை. விளக்கை மட்டும் பார்த்தான். டெல்ஃபின் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன்.

பச்சை விழுந்ததைக் கண் பார்த்து மனசு அறிவதற்குள் ஜி.டி.ஓ. அங்கே இல்லை. ஒரு முழு வண்டி நீளம் முன்னால் இருந்தது. புதுக் காரின் மூக்கு அப்போதுதான் அசைந்தது. அவ்வளவுதான். உடனே வெர்ன் பேருந்து ஓட்டுவதுபோல் வேகத்தைக் குறைத்துவிட்டான். இளைஞன் சத்தமாகக் கடந்து போனான். வெர்ன் கை காட்டி அடுத்த திருப்பத்தில் ஒழுங்காகத் திரும்பினான். கஸ் நடைபாதையில் உட்கார்ந்து, அந்த அட்டையால் முகத்தை மூடிக்கொண்டான்.

அவர்கள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது சாலட்டில் பாதி டெல்ஃபினின் ரவிக்கையில் இருந்தது, மீதி கண்ணாடியில். முகம் வெளுத்துப்போயிருந்தது. கை இன்னும் கதவுப் பிடியை விடவில்லை. நான் ஓடிப்போய்த் துண்டால் துடைத்துவிட்டேன்.

"அடிபட்டுச்சாடி? என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் வெர்னைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முதல்ல கிளம்பினது நாங்கதான்" என்றாள்.